தாளின் வாசனை: ஒரு மறுப்பு

போன டிசம்பரில் ஒரு சிறு ஊரில் நடந்த இலக்கியக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். மொத்தம் இருபத்திரண்டு பேர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கண் சொருகும் வேளையில், 'அச்சுப் புத்தகமா, மின்நூலா' என்று ஒரு விவாதம் வைத்திருந்தார்கள். விவாதத்தை நடத்திய நண்பர் (நல்ல சிறுகதைகள் சில எழுதியவர், அதனால்தான் வருத்தம்) எடுத்த எடுப்பில் கை தூக்கச் சொன்னார். தாளுக்குப் பதினாறு கை. கிண்டிலுக்கு நான்கு. ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் தூக்கவில்லை. பிறகு ஒரு மணி நேரம் பதினாறு பேரும் முறைவைத்து உருகினார்கள். புதுப் புத்தகத்தின் வாசனை, பழைய புத்தகத்தின் வாசனை, நெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்தபடி தூங்கிப்போவது, நடுப்பக்கத்தில் யாரோ வைத்த பஸ் டிக்கெட். எதிர்த்தரப்பு நால்வரும் பதிலுக்கு ஆயிரம் புத்தகத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம், எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், ராத்திரி மனைவியை எழுப்பாமல் படிக்கலாம் என்றார்கள். இரு தரப்பும் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொண்டு டீ குடிக்கப் போனார்கள்.

இருபத்திரண்டு பேரும் எழுதுகிறவர்கள் என்பதுதான் விஷயம். சோப்பு வாங்குகிறவர்களிடம் எந்த வாசனை பிடிக்கும் என்று கேட்டுக் குறித்துக்கொள்வதில் தவறில்லை. 'வாடிக்கையாளரின் விருப்பம்' என்பது நான் சம்பளம் வாங்குகிற இடத்தில் தினமும் புழங்கும் வார்த்தை. அதற்குத் தனியாகப் படிவமே உண்டு. ஒரு விஷயத்தை விருப்பம் என்று பெயரிட்டுவிட்டால் அதைப் பற்றி யோசிக்கவேண்டிய சிரமம் விட்டது. உனக்கு அது, எனக்கு இது, இருவரும் நல்லவர்கள். நம் சூழலில் விமர்சனத்தை நாற்பது வருஷமாகக் கொன்றுகொண்டிருப்பதும் இதே வார்த்தைதான். கவிதையைப் பற்றிக் கேட்டால் 'எனக்குப் பிடித்தது' என்பார்கள். இப்போது புத்தகம் என்ற பொருளைப் பற்றியும் அதையே சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் இந்த வாசனை. புதுப் புத்தகத்தில் வருவது மையும் பசையும். பழைய புத்தகத்தில் வருவது தாள் மட்கும் வாசனை. மட்கும் பொருளின் முன் மெய்ம்மறந்து நிற்பது ஒருவித மனநிலை, அதற்கு இலக்கியத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஓலைச்சுவடிக்கும் வாசனை இருந்தது, பூச்சி அரிக்காமலிருக்கப் பூசிய எண்ணெயின் வாசனை. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சுக்குக் கொடுத்த உ. வே. சாமிநாதையர் அந்த வாசனைக்கு ஓட்டுப் போட்டிருந்தால் நமக்குச் சங்கப் பாட்டில் பலவும் கைக்கு வந்திருக்காது. ஐரோப்பாவில் திரித்தேமியுஸ் என்று ஒரு மடாதிபதி. 1492இல், அச்சு பரவிக்கொண்டிருந்த நாளில், கையெழுத்துப் பிரதி எடுப்பவர்களைப் புகழ்ந்து ஒரு நூல் எழுதினார். தோலில் எழுதியது ஆயிரம் வருஷம் நிற்கும், அச்சடித்த தாள் இருநூறு வருஷம் நின்றால் அதிகம் என்பது அவர் வாதம். இரண்டு வருஷம் கழித்து, 1494இல், அந்த நூலை மைன்ஸ் நகரில் அச்சடித்தே வெளியிட்டார். நம் நண்பர்கள் தாளின் மேலுள்ள காதலை முகநூலில் எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வருகிறது.

தாளைப் புனிதமாக்குகிறவர்கள் யாழ்ப்பாணத்தை மறந்துவிடுகிறார்கள். 1981இல் நூலகத்தோடு சேர்ந்து எரிந்த சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் எரியக்கூடிய பொருளாக ஒரே இடத்தில் இருந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் கீழ்த்தளத்தில் குடியிருந்த எழுத்தாளர்களின் அலமாரிகளும் அப்படித்தான் போயின. இவ்வளவு பெரிய சம்பவம் வேண்டாம். கரையானும் ராமபாணமும் போதும். வீட்டுக்காரரும் போதும். வங்கியில் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஊர் மாற்றம் வரும். ஒவ்வொரு முறையும் லாரிக்காரர் என் பெட்டிகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, 'சார், உள்ளே கல்லா?' என்று கேட்பார். 2018இல் மாற்றல் வந்தபோது முந்நூறு புத்தகங்களை நண்பர் ஒருவர் வீட்டுப் பரணில் ஏற்றிவிட்டு ஒரு கிண்டில் வாங்கினேன். (அந்த முந்நூறில் திரும்பி வந்தவை நூற்றைம்பதுக்குள். நண்பர் இந்தப் பத்திரிகையின் சந்தாதாரர், படித்துக்கொள்ளட்டும்.) ஆறு வருஷமாக அதில் படிக்கிறேன். திரை கண்ணைக் கெடுக்கும் என்று சொல்லும் பதினாறு பேரில் பலர் அந்தக் கருவியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் இல்லை. அதன் பக்கம் டெலிவிஷன் மாதிரி எரிவது கிடையாது. கறுப்பும் வெள்ளையுமான துகள்கள் மின்னூட்டத்துக்கு ஏற்ப மேலே வந்து எழுத்தாக நிற்கின்றன. கண் நோய் வந்த பிறகு மறுபடி நாவல் படிக்க ஆரம்பித்த ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். அவரிடம் போய் வாசனையைப் பற்றிப் பேசிப் பாருங்கள்.

விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைப்பவர்களும் உண்டு. 2018இல் வந்த ஒரு தொகுப்பாய்வு 54 ஆய்வுகளை, ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட வாசகர்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. தாளில் படித்தவர்களுக்குப் புரிதல் சற்றுக் கூடுதல் என்பதே முடிவு. இதைக் கூட்டத்தில் ஒருவர் வெற்றிக்கொடி மாதிரி ஆட்டினார். அதே ஆய்வு, கதை படிப்பதில் தாளுக்கும் திரைக்கும் வித்தியாசம் தென்படவில்லை என்றும் சொல்கிறது. அதை அவர் சொல்லவில்லை. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது 2019இல் ஆன் மாங்கன் என்ற நார்வே ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் செய்த சிறிய சோதனை. ஐம்பது பேர். ஒரு மணி நேரம் படிக்கக்கூடிய ஒரே மர்மக் கதையைப் பாதிப் பேர் புத்தகத்திலும் பாதிப் பேர் கிண்டிலிலும் படித்தார்கள். பெரும்பாலான கேள்விகளுக்கு இரு சாராரும் சமமாகவே பதில் சொன்னார்கள். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது, புத்தகத்தில் எந்த இடத்தில் வந்தது என்று கேட்டபோதுதான் கிண்டில்காரர்கள் தடுமாறினார்கள். இது என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. கிண்டிலில் படித்த நாவலில் ஒரு காட்சி எங்கே இருந்தது என்று எனக்குத் தெரிவதில்லை. வலப்பக்கத்தின் அடியில், முக்கால்வாசி தாண்டி என்று கைக்குத் தெரியும் அந்த இடஞாபகம் அதில் கிடையாது. நாவலின் வடிவத்தைப் பற்றி எழுத உட்காரும் விமர்சகனுக்கு இது சின்ன நஷ்டம் இல்லை. ஆனாலும் இது பழக்கத்தின் ஊனம், குறிப்பேடு வைத்துக்கொண்டு சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் பதினாறு பேரும் தொடவில்லை, நான்கு பேரும் தொடவில்லை.

நான்கு பேரிடம் வருகிறேன். அவர்களில் இருவர் தங்கள் புத்தகங்களை அமேஸானில் தாங்களே ஏற்றியிருப்பவர்கள். பதிப்பாளனின் வாசலில் நிற்கவேண்டாம், முதல் போடவேண்டாம் என்பது அவர்கள் கட்சி. சி. சு. செல்லப்பா தன் கைப்பணத்தில் புத்தகம் போட்டு, தானே சுமந்துபோய் விற்ற கதை நமக்கெல்லாம் தெரியும். அவருக்கு இந்த வசதி இருந்திருந்தால், என்று ஒருவர் கண்கலங்கினார். செலவு என்பதே ஒரு சல்லடை, கைக்காசைப் போடத் துணியாதவனின் எழுத்து எதற்கு என்று சொல்லிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் அது பொய். காசு இருந்தவர்கள் அச்சடித்துக் குவித்த குப்பைக்குக் கணக்கில்லை. ஆகவே ஏற்றட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. அங்கே என்ன விலைக்கு எதை விற்கிறோம் என்று மட்டும் அவர்கள் தெரிந்துகொள்ளவேண்டும்.

மாதச் சந்தா கட்டிப் படிக்கும் திட்டத்தில் அந்தக் கம்பெனி 2015 ஜூலை முதல் எழுத்தாளனுக்குப் பக்கக் கணக்கில் பணம் தருகிறது. வாசகன் எத்தனை பக்கம் புரட்டினானோ அத்தனைக்கு. அதிலும் முதல் தடவை புரட்டுவதற்கு மட்டும். இரண்டாம் தடவை படித்தால் ஒன்றுமில்லை. இந்த ஒரு விதியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். பதினான்கு வரிக் கவிதையை ஒருவன் இருபது வருஷம் திரும்பத் திரும்பப் படிக்கிறான். தொள்ளாயிரம் பக்கத் தொடர்கதையை இன்னொருவன் ஒரு வாரத்தில் தின்று முடித்து அடுத்ததற்குப் போகிறான். கணக்கில் முதலாமவன் ஒரு பக்கம், இரண்டாமவன் தொள்ளாயிரம். இலக்கியம் என்று எதைச் சொல்லி வந்தோமோ, அதாவது திரும்பப் படிக்கவைப்பதை, கூலிப் பட்டியலிலிருந்தே அடித்துவிட்ட ஒரு ஏற்பாடு இது. பழைய வாரப் பத்திரிகை ஆசிரியன்கூட இவ்வளவு வெளிப்படையாக இருந்ததில்லை. அவனுக்கு வெட்கம் என்று ஒன்று இருந்தது, தீபாவளி மலரிலாவது ஒரு கவிதை போடுவான்.

போதாக்குறைக்கு, படித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வரியின் கீழே புள்ளிக்கோடு தோன்றி, இத்தனை பேர் இந்த வரியை அடிக்கோடிட்டிருக்கிறார்கள் என்று சொல்லும். அணைத்து வைக்கலாம். ஆனால் பிரதிக்குள்ளேயே கூட்டத்தின் தலையாட்டலைக் கொண்டுவந்து வைக்கவேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது பாருங்கள். பொன்மொழிகளை மட்டும் உறிஞ்சி எடுக்கும் வாசிப்புக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது.

இதெல்லாம்கூட வியாபாரத்தின் சுபாவம் என்று தள்ளிவிடலாம். சொத்து யாருடையது என்ற கேள்வியைத் தள்ளமுடியாது. வங்கியில் லாக்கர் உண்டு. இரண்டு சாவி, ஒன்று வாடிக்கையாளரிடம், ஒன்று எங்களிடம், இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். வாடிக்கையாளர் வருஷக்கணக்கில் வராமல், வாடகையும் கட்டாமல் போனால் உடைத்துத் திறக்கலாம். அதற்கும் முன்கூட்டி நோட்டீஸ் அனுப்பவேண்டும், அதிகாரி ஒருவரும் வெளியார் இருவரும் சாட்சியாக நிற்கவேண்டும். கிண்டிலுக்கு ஒரே சாவி. அது என்னிடம் இல்லை. 2009 ஜூலையில், உரிமையில்லாத யாரோ ஏற்றிவிட்டார்கள் என்ற காரணத்தால், காசு கொடுத்து வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அமேஸான் இரண்டு புத்தகங்களை அழித்தது. இரண்டும் ஜார்ஜ் ஆர்வெல்லுடையவை. ஒன்று '1984'. (விதி சில சமயம் மூன்றாந்தர நையாண்டிக்காரனைப் போல நடந்துகொள்கிறது.) பணத்தைத் திருப்பித் தந்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவனுக்குக் குறிப்புகள் மட்டும் மிஞ்சின, அவை எந்த வரியைக் குறிக்கின்றன என்று தெரியாமல். 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோது விற்ற புத்தகங்கள் அத்தனையும் திறக்காமல் போயின. அதற்கும் பணம் திரும்ப வந்தது. 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய கிண்டில் புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்துக்கொள்ள இருந்த வழியையும் அடைத்துவிட்டார்கள். வாங்குகிறோம் என்று நாம் சொல்வது வாடகை. அதிலும் வீட்டுக்காரனே மாற்றுச்சாவி வைத்திருக்கும் வாடகை.

இப்போது எனக்கு நடந்தது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கவிஞரின் தொகுப்பைக் கிண்டிலில் வாங்கிப் படித்தேன். தொகுப்பு அந்த வடிவில் மட்டுமே வந்திருந்தது. பெயர் வேண்டாம், இதைப் படிக்கும் நூறு பேரில் எழுபது பேருக்குத் தெரியும். அதிலிருந்த ஒரு கவிதையைப் பற்றி ஒரு சிற்றிதழில் கடுமையாக எழுதினேன். மூன்று வரியை மேற்கோள் காட்டி, படிமம் கவிதையின் நடுவில் தானே தன்னை விளக்கிக்கொள்கிறது, கவிஞருக்கு வாசகன் மேல் நம்பிக்கை இல்லை என்று சொல்லியிருந்தேன். இரண்டு மாதம் கழித்து அடுத்த இதழில் ஒரு கடிதம் வந்தது. கவிஞர் எழுதியது இல்லை, அவருடைய ரசிகர் ஒருவர் எழுதியது. விமர்சகர் காட்டும் வரிகள் அந்தக் கவிதையிலேயே இல்லை, இல்லாததை இட்டுக்கட்டி அடிப்பது என்ன விமர்சனம் என்று. ஆத்திரத்தோடு கிண்டிலைத் திறந்தேன். இல்லை. என் கருவியிலேயே இல்லை. கவிஞர் கோப்பைத் திருத்தி மறுபடி ஏற்றியிருக்கிறார், என் கருவி தூங்குகிற வேளையில் பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கிக்கொண்டிருக்கிறது. தலைப்பு அதே, அட்டை அதே, எந்தப் பக்கத்திலும் தேதி இல்லை. நான் பொய்யன்.

ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். மாற்றிய கவிதை மேலானது. விளக்கம் போய்விட்டது, படிமம் தனியாக நிற்கிறது. என் கட்டுரைக்கு அதில் பங்கு உண்டா, இல்லை முன்பே அவர் மாற்ற நினைத்திருந்தாரா என்று எனக்குத் தெரியாது. கவிஞன் தன் கவிதையைத் திருத்தக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பி.ஏ.யில் வேர்ட்ஸ்வொர்த்தின் 'ப்ரெலூட்' எங்களுக்குப் பாடம். 1805இல் முடித்த வடிவம் ஒன்று, அவர் இறந்த பின் 1850இல் வந்த வடிவம் ஒன்று. நாற்பத்தைந்து வருஷத்தில் ஒரு மனிதன் எதையெல்லாம் இழந்தான் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க முடிகிறது. விட்மன் ஒரே புத்தகத்தை 1855இலிருந்து சாகும்வரை திருத்திக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு பதிப்பும் தனித்தனியாக நிற்கிறது. நம்மிடமே, புதுமைப்பித்தன் கதைகளின் செம்பதிப்பை ஆ. இரா. வேங்கடாசலபதி 2000இல் கொண்டுவந்தபோது, பத்திரிகையில் வந்தது எது, புத்தகத்தில் மாறியது எது என்று ஒப்பிட்டுச் சொல்ல முடிந்தது. பழைய பத்திரிகை எங்கோ ஒரு வீட்டில், ஒரு நூலகத்தில், பொடிந்துபோயாவது கிடந்ததால் முடிந்தது. புதுமைப்பித்தன் தன் கதைகளை ஒரே கோப்பில் மேலே மேலே எழுதிக்கொண்டு போயிருந்தால் நமக்கு மிஞ்சியிருப்பது கடைசியாக அவர் சேமித்தது மட்டும். அவர் எப்படி எழுதக் கற்றுக்கொண்டார் என்பதற்குச் சாட்சியே கிடையாது.

இதைச் சொன்னதும் பதினாறு பேரும் பார்த்தீர்களா என்று எழுந்திருப்பார்கள். உட்காருங்கள். நீங்கள் முகர்ந்து பார்க்கும் அந்தத் தாள் புத்தகம் என்ன என்று யோசித்ததுண்டா? இன்று தமிழில் வரும் இலக்கியப் புத்தகங்களில் பல, தேவைக்கு ஏற்ப முப்பதும் ஐம்பதுமாக அச்சாகின்றவை. ஈயத்தில் கோத்து, ஆயிரம் படி ஓட்டி, அச்சைக் கலைத்துவிடும் காலம் போய்விட்டது. கோப்பு பதிப்பாளரின் கம்ப்யூட்டரில் கிடக்கிறது. ஆர்டர் வரும்போது ஐம்பது. அதற்குள் ஆசிரியர் போனில் சொன்னார் என்று ஒரு பத்தியை எடுத்திருப்பார்கள், மெய்ப்புப் பார்த்த நண்பர் சொன்னார் என்று ஒரு வாக்கியத்தைச் சரி செய்திருப்பார்கள். பதிப்பு விவரப் பக்கத்தில் 'முதற்பதிப்பு' அப்படியே இருக்கும். ஒரே நாவலின் ஒரே 'முதற்பதிப்பு' என்னிடம் இரண்டு படிகள் இருக்கின்றன, ஒன்று நான் வாங்கியது, ஒன்று அன்பளிப்பாக வந்தது. இரண்டிலும் கடைசி அத்தியாயம் ஒன்று போல முடியவில்லை. எந்தப் பதிப்பகம் என்பது முக்கியமில்லை, வழக்கமே அப்படி. எழுத்து மாறாமல் மறுபடி அடித்ததை இரண்டாம் பதிப்பு என்பதும், மாற்றி அடித்ததை முதற்பதிப்பு என்பதும் இங்கே சகஜம். ஆக, உங்கள் தாள் புத்தகமும் மின்நூல்தான், அச்சடித்து ஒட்டிய மின்நூல். வாசனை மட்டும் அசல்.

மறுபக்கம், திரையில் வருவதெல்லாம் வாடகையும் இல்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல தேசங்களில் இருந்த தமிழர்கள் அலுவலக நேரம் போக மீதி நேரத்தில் தட்டச்சுச் செய்து ஏற்றிய பழைய நூல்களை யார் வேண்டுமானாலும் இறக்கி வைத்துக்கொள்ளலாம், நண்பனுக்கு அனுப்பலாம், அச்சடிக்கலாம். யார் தட்டினார்கள், யார் மெய்ப்புப் பார்த்தார்கள் என்று கோப்பின் தலையிலேயே எழுதியிருக்கும். 2005இலிருந்து இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்திருக்கும் நூலகம் திட்டத்தை, எரிந்த ஒரு நூலகத்தின் நினைவில்லாமல் நான் ஒருநாளும் திறந்ததில்லை. அங்கே ஒரு பழைய சிற்றிதழை அதன் அச்சுப் பிழையோடு, விளம்பரத்தோடு, விலையோடு பார்க்கிறேன். என் வீட்டிலும் ஒரு பிரதி இருக்கிறது, இன்னும் நூறு வீட்டிலும் இருக்கிறது. ஒருவர் நினைத்தால் எல்லாவற்றையும் மாற்ற முடியாது. மூன்று வருஷத்துக்கு முன் எனக்குத் தேவையாக இருந்தது இதுதான், அது தாளில் இருந்தாலும் சரி, துகளில் இருந்தாலும் சரி.

1954ஆம் வருஷச் சட்டப்படி, வெளியிடும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படி கன்னிமாராவுக்கும் இன்னும் மூன்று நூலகங்களுக்கும் போகவேண்டும். எத்தனை பேர் அனுப்புகிறார்கள் என்று பதிப்பாளர்களையே கேட்கலாம். தாளை மனதில் வைத்து எழுதிய சட்டம் அது. அரசாங்கம் எப்போது விழிக்குமோ, அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நம்மில் மின்நூல் ஏற்றுகிறவர்கள், திருத்தினால் திருத்திய தேதியை முதல் பக்கத்தில் போடலாம். பழைய கோப்பைப் பழைய பெயரிலேயே தனியாக வைக்கலாம், பூட்டில்லாத ஒரு படியை நாலு நண்பர்களுக்கு அனுப்பலாம். பதிப்பாளர்கள், ஐம்பது படி அடித்தாலும், என்ன மாறியது என்று ஒரு வரி சேர்க்கலாம். காசு செலவில்லாத காரியம். இதைக் கூட்டத்தில் சொன்னேன். விவாதத்தை நடத்தியவர், 'நீங்கள் கடைசிவரை எந்தப் பக்கம் என்று சொல்லவே இல்லையே' என்றார்.

ரசிகரின் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. கவிஞருக்கு நேரடியாக எழுதினேன், அந்தக் கவிதையின் முதல் வடிவத்தை அனுப்ப முடியுமா என்று. மரியாதையாகவே பதில் போட்டார். தன்னிடமும் இல்லையாம். திருத்தும்போது அதே கோப்பின் மேல் திருத்தியதாகவும், பழையதை வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை என்றும், இப்போது யோசித்தால் நடுவில் என்ன இருந்தது என்று தனக்கே சரியாக நினைவில்லை என்றும் எழுதியிருந்தார். முந்நூறு படி அச்சான அந்தச் சிற்றிதழில், என் கட்டுரையில், திட்டுவதற்காக நான் எடுத்துக்காட்டிய மூன்று வரிகள் இருக்கின்றன. மற்ற பதினொன்று எங்கும் இல்லை.